கை மடங்கிய இடம்: சிறுகதையில் குணம் வெளிப்படுவது குறித்து வாசகர் கேள்விகள்

சிறுகதை எழுதத் தொடங்கியிருக்கும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இம்முறை ஒரே பொருளைச் சுற்றி வந்தன. கதைமாந்தரின் குணத்தை அவர்களுடைய பேச்சாலும் செயலாலும் எப்படித் தெரியவைப்பது என்பதே அது. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். நீண்ட கடிதங்களைச் சற்றுச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் அனுப்பிய சிறுகதையை ஓர் இதழ் திருப்பி அனுப்பியபோது, "பாத்திரத்தைப் பற்றிச் சொல்கிறீர்கள்; பாத்திரம் கண்ணுக்குத் தெரியவில்லை" என்று குறிப்பெழுதியிருந்தார்கள். கதையின் தொடக்கம் இதுதான்: "அவர் கண்டிப்பானவர், சிக்கனக்காரர். ஆனால் மகள்மீது உயிரையே வைத்திருந்தார்." இதில் என்ன குறை என்று எனக்கு விளங்கவில்லை.

பதில்: உங்கள் வாக்கியங்களில் மொழிக்குறை எதுவும் இல்லை. ஆனால் அவற்றைப் படித்து முடித்த பிறகும் அந்த மனிதரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மகள்மீது உயிரை வைத்திருக்கும் தந்தையர் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுள் இவர் யார் என்பதைத்தான் கதை சொல்லியாக வேண்டும். நீங்கள் தந்திருப்பவை மூன்று முடிவுகள். அவர் கண்டிப்பானவர், சிக்கனக்காரர், பாசமுள்ளவர் என்ற முடிவுகளுக்கு நீங்கள் எப்படி வந்தீர்களோ அந்த வழியில் வாசகரையும் நடக்கவிட்டால், அவர் தாமாகவே அங்கு வந்து சேருவார். தாமாக வந்து சேர்ந்த முடிவை அவர் எளிதில் மறக்கமாட்டார்.

உங்கள் கதைமாந்தரையே எடுத்துக்கொண்டு ஓர் இரவைக் கற்பனை செய்து பார்க்கிறேன். வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். அவர் வழக்கம்போல ஒவ்வோர் அறையாகச் சென்று விளக்குகளை அணைத்துக்கொண்டு வருகிறார். கடைசி அறையில் மகள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவர் வந்து நிற்பதை அவள் கவனிக்கவில்லை. அறைக்கு வெளியே இருக்கும் சுவிட்சை நோக்கி நீண்ட கையை மடக்கிக்கொண்டு, கூடத்துக்குத் திரும்பி, தாம் படுக்கும் இடத்துக்கு மேலே சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொள்கிறார். மறுநாள் காலையில் அவர் மகளிடம் சொல்வது இவ்வளவுதான்: "ராத்திரி ஒரு மணி வரைக்கும் விளக்கு எரிஞ்சுது."

இந்தக் காட்சியில் கண்டிப்பு, சிக்கனம், பாசம் என்ற சொற்கள் எவையும் வரவில்லை, ஆனால் மூன்றும் இருக்கின்றன. அவற்றோடு, உங்கள் மூன்று சொற்களாலும் சொல்ல முடியாத நான்காவது ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது: தம் பாசம் மகளுக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று எண்ணும் மனிதர் அவர். மணி ஒன்று வரை விளக்கெரிந்ததை அறிந்திருக்கிறார் என்றால், அதுவரை அவரும் உறங்கவில்லை என்பதை மகள் உணர்ந்தாளா இல்லையா என்பதிலிருந்து கதையே கிளம்பலாம்.

இந்தச் செயல் ஏன் குணத்தைக் காட்டுகிறது என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். விளக்குகளை அணைத்துக்கொண்டு வருவது அவருடைய பழக்கம். பழக்கம் ஓரளவுதான் பேசும். கை மடங்கிய இடத்தில் அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. விளக்கை அணைத்திருக்கலாம், அணைக்காமலே பேசாமல் படுத்திருக்கவும் செய்யலாம். அவர் இரண்டையும் விட்டு, செலவையும் குறைத்து மகளையும் படிக்கவிட்டு, அதற்கான விலையைத் தம் உறக்கத்திலிருந்து கொடுத்தார். வேறு விதமாகவும் செய்திருக்கலாம் என்ற இடத்தில் ஒருவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார், அதற்காக எதை இழக்கச் சம்மதிக்கிறார் என்பதில்தான் அவர் யார் என்பது தெரிகிறது. சிறுகதையில் நான் முதலில் தேடுவது அந்த இடத்தைத்தான்.

1886ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் அண்ணன் அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதத்தில் ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செகாவ் இதையொட்டி ஓர் அறிவுரை சொல்லியிருக்கிறார். அந்த அண்ணனும் எழுத்தாளரே. கதாநாயகனின் மனநிலையை வருணிப்பதைத் தவிர்ப்பதே நல்லது என்றும், அது அவனுடைய செயல்களிலிருந்து விளங்கும்படி செய்ய முயல வேண்டும் என்றும் அதில் எழுதுகிறார். அப்போது செகாவுக்கு வயது 26. எழுதத் தொடங்குகிற எல்லோருக்கும் அந்தச் சிறிய குறிப்பை நான் எடுத்துச் சொல்வதுண்டு.

ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேரடியாகச் சொல்வது குற்றம் என்று எண்ணிவிடாதீர்கள். பத்து ஆண்டுகளை இரண்டு வரியில் கடக்க வேண்டிய இடங்கள் கதையில் வரும். அங்கே "அவர் சிக்கனக்காரர்" என்று சொல்லிவிட்டுப் போவதே சரி. எந்தக் குணத்தை நம்பிக் கதை நிற்கிறதோ அதை மட்டும் சொல்லித் தீர்த்துவிடாதீர்கள்.

கேள்வி: என் கதைகளில் எல்லாப் பாத்திரங்களும் ஒரே மாதிரி பேசுகின்றன என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வட்டார வழக்கைப் பயன்படுத்தினால் இது சரியாகுமா?

பதில்: வட்டார வழக்கு ஒருவர் எந்த மண்ணிலிருந்து வருகிறார் என்பதைச் சொல்லும். அவர் எப்படிப்பட்டவர் என்பதை அதுமட்டுமே சொல்லிவிடாது. ஒரே வீட்டில் பிறந்து ஒரே வழக்கில் பேசும் அண்ணனும் தம்பியும் இரு வேறு மனிதர்களாக இருப்பதை நாம் பார்க்கவில்லையா? அந்த வேறுபாடு உச்சரிப்பில் இருப்பதில்லை. ஒரு கேள்வியை அவர்கள் எப்படிக் காதில் வாங்குகிறார்கள், அதற்கு என்ன பதிலைத் தேர்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஒரு சிறு பயிற்சி செய்து பார்க்கலாம். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் தாய் நோயுற்றுப் படுத்திருக்கிறார். வெளியூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், "அம்மாவுக்கு ராத்திரி மருந்து குடுத்தாச்சா?" என்று பொதுவாகக் கேட்கிறார். மூத்தவள் சொல்கிறாள்: "எட்டு மணிக்கு. சாப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சு." நடுப்பிள்ளை சொல்கிறான்: "ஏன், நான் குடுக்க மாட்டேன்னு நினைச்சீங்களா?" இளையவன் சொல்கிறான்: "நான் போய்ப் பார்த்தப்போ அம்மா நல்லாத் தூங்கிட்டிருந்தாங்க."

மூவரும் பேசுவது ஒரே தமிழ்தான். ஆனால் முதல் பதிலில் பொறுப்பைத் தோளில் சுமந்து பழகிய ஒருத்தி தெரிகிறாள். கேட்டதற்கு மேல் ஒரு விவரத்தையும் தருகிறாள், ஏனென்றால் அவளிடம் இப்படிக் கேட்கப்படுவது இது முதல் முறை இல்லை. இரண்டாவது பதிலைச் சொல்பவனுக்கு எல்லாக் கேள்வியும் குற்றச்சாட்டாகவே காதில் விழுகிறது. அந்த வீட்டில் அவன் நம்பப்படாதவனாக வளர்ந்திருக்கக்கூடும். மூன்றாமவன் கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. மருந்து கொடுக்கவில்லை என்பதும், அதைச் சொல்லத் துணிவில்லை என்பதும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன. நல்ல உரையாடலில் பதில் பெரும்பாலும் கேள்விக்கு நேர் எதிரே வந்து நிற்பதில்லை. சற்று விலகியே நிற்கிறது. அந்த விலகலின் அளவும் திசையும் ஆளுக்கு ஆள் மாறுபடும். உங்கள் பாத்திரங்கள் எல்லோரும் கேட்ட கேள்விக்குக் கச்சிதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அவர்கள் ஒரே மாதிரி ஒலிப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. அதை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் எண்ணம். "நீ" என்றும் "நீங்கள்" என்றும் நம் மொழியில் இரண்டு விளிகள் இருக்கின்றன. யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பது உறவைக் காட்டும். அது மாறும் கணம் குணத்தைக் காட்டும். நாற்பது ஆண்டுகளாக அண்ணனை "நீ, வா, போ" என்று உரிமையோடு பேசிவந்த தம்பி, சொத்துப் பிரிக்கும் பேச்சு நடக்கும்போது, "நீங்க சொல்றபடியே செஞ்சுக்கலாம்" என்று சொன்னால், அந்த மரியாதையில் உறவு அறுந்துபோகும் ஓசை கேட்கிறது. அவன் குரலை உயர்த்தவில்லை, ஒரு குறையும் சொல்லவில்லை. அண்ணனுக்கு அது புரிந்தது என்று நீங்கள் எழுதவே வேண்டாம். அவர் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியை நிமிர்ந்து பார்த்தார் என்பது போதும்.

கேள்வி: உணர்ச்சியைச் சொல்லாமல் காட்ட வேண்டும் என்பதற்காகப் பெருமூச்சு விடுவது, உதட்டைக் கடிப்பது, கண் கலங்குவது போன்ற மெய்ப்பாடுகளை நிறையச் சேர்க்கிறேன். ஆனாலும் கதை உயிரில்லாமல் இருப்பதாகத் தோன்றுகிறது.

பதில்: மெய்ப்பாடு என்ற சொல்லை நீங்களே பயன்படுத்தியிருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது, ஏனென்றால் உங்கள் ஐயத்துக்கு விடை அந்தச் சொல் பிறந்த இடத்திலேயே இருக்கிறது. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாடுகள் எட்டு என அது கூறுகிறது. இந்த எட்டையும் பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். பட்டியல் அதோடு முடிவதில்லை. ஒவ்வொரு மெய்ப்பாடும் நான்கு நிலைக்களன்களிலிருந்து பிறக்கும் என்று அந்த இயல் மேலும் பகுத்துச் சொல்கிறது.

அழுகைக்கு அது தரும் நான்கு காரணங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்பட்டு அழுவது, இழந்ததற்காக அழுவது, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்ந்துபோனதற்காக அழுவது, இல்லாமையால் அழுவது என்று அவற்றை விளக்கிக்கொள்ளலாம். நகையும் அப்படியே: எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று அதற்கும் நான்கு.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். "அவள் கண்கள் கலங்கின" என்று எழுதும்போது நீங்கள் அழுகை என்ற மெய்ப்பாட்டைக் காட்டிவிட்டீர்கள், அது பிறந்த இடத்தைக் காட்டவில்லை. கண் எல்லோருக்கும் கலங்கும். கணவனை இழந்த வீட்டில், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முன்னால் கல்லாக உட்கார்ந்திருந்தவள், உட்கார நாற்காலி போதவில்லை என்று யாரோ முணுமுணுத்ததைக் கேட்டதும் அழத் தொடங்கினால், அந்தக் கண்ணீர் இழவிலிருந்து வந்ததா, இளிவிலிருந்து வந்ததா? இந்த வினாவை எழுப்பும் அழுகைதான் அவளை அவளாக்குகிறது. இழப்பைத் தாங்கும் வலிமை அவளிடம் இருக்கிறது, தாழ்வைத் தாங்கும் வலிமை இல்லை. அவள் வாழ்க்கை முழுவதையும் அந்த ஒரு கண்ணீரிலிருந்து பின்னோக்கி எழுதிவிடலாம்.

செயல் எவ்வளவு சிறிதாக இருக்கலாம் என்பதற்கு ஒரு குறளை நினைவூட்டுகிறேன்.

"யான்நோக்கும் காலை நிலன்நோக்கும் நோக்காக்கால்
தான்நோக்கி மெல்ல நகும்."

குறிப்பறிதல் அதிகாரத்தில் வரும் 1094ஆம் குறள் இது. நான் பார்க்கும்போது நிலத்தைப் பார்க்கிறாள். நான் பார்க்காதபோது என்னைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறாள் என்கிறான் தலைவன். காதல் என்றோ நாணம் என்றோ ஒரு சொல் இல்லை. நான்கு அசைவுகள் மட்டுமே இருக்கின்றன, அவற்றின் வரிசை அவளைச் சொல்லிவிடுகிறது. நிலத்தைப் பார்த்தது மட்டும் இருந்திருந்தால் அது வெறும் கூச்சம். அவன் பாராதபோது பார்த்ததும், பார்த்துச் சிரித்ததும் சேர்ந்ததால்தான் அவள் தனி ஒருத்தியாகிறாள். இன்னும் ஒன்று: அவன் பார்க்காதபோது அவள் சிரித்தாள் என்றால், அது அவனுக்கு எப்படித் தெரிந்தது? பார்க்காததுபோல இருந்துகொண்டு அவனும் பார்த்திருக்கிறான். அவளைப் பற்றிச் சொல்ல வந்தவன் தன்னையும் காட்டிக்கொடுத்துவிட்டான். ஏழு சீரில் இரண்டு மனிதர்கள்! நான் எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் சற்று நின்றுவிட்டுத்தான் மேலே போகிறேன்.

ஆகவே பெருமூச்சுகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். உங்கள் கதையிலுள்ள எல்லாப் பெருமூச்சுகளையும் ஒருமுறை அடித்துவிட்டு, அந்த இடத்தில் இந்த மனிதர் மட்டுமே செய்யக்கூடியது எது என்று கேளுங்கள். விடை கிடைக்காத இடங்களில் ஒன்றும் எழுதாமல் விட்டுவிடலாம்.

கேள்வி: கதைமாந்தரின் தோற்றத்தை எவ்வளவு வருணிக்க வேண்டும்?

பதில்: குறைவாக. அந்த மனிதர் தாமாகச் செய்துகொண்ட ஏதாவது ஒன்று தோற்றத்தில் இருந்தால் அதைச் சொல்லுங்கள். மூக்கின் வடிவம் பிறப்பில் வந்தது. அறுந்த செருப்பு வாரை ஊக்குப் போட்டு மாட்டிக்கொண்டிருப்பது அவர் எடுத்த முடிவு.

கேள்வி: "நான்" என்று தன்மையில் கதை சொல்லும்போது, சொல்கிறவரின் குணத்தை எப்படிக் காட்டுவது? அவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்டால் செயற்கையாக இருக்கிறதே.

பதில்: அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை வாசகர் அப்படியே நம்புவதில்லை. எதைக் கவனிக்கிறார், எதைக் கவனிக்கத் தவறுகிறார் என்பதைத்தான் வாசகர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு கு. அழகிரிசாமியின் "அன்பளிப்பு". 1970ஆம் ஆண்டு சாகித்ய அகாதமி விருது பெற்ற அவருடைய தொகுதியின் பெயரும் அதுவே. கதை சொல்கிறவர் குழந்தைகளிடம் மிகுந்த அன்புள்ளவர். குழந்தைகளும் அவரைச் சூழ்ந்துகொண்டு உரிமை கொண்டாடுகிறார்கள். அவர்களில் சிலருக்கு அவர் டைரியைப் பரிசாகத் தருகிறார். சாரங்கன் என்ற சிறுவனுக்குத் தரவில்லை. அவன் அழவில்லை, கேட்கவுமில்லை. பின்னர் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்று, தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, அதை அவர் தனக்கு அன்பளிப்பாகத் தருவதாக எழுதித் தரச் சொல்கிறான்.

அந்தச் சிறுவனுக்கு வேறு என்னவெல்லாம் செய்யும் வாய்ப்பு இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். கோபித்துக்கொண்டிருக்கலாம், வராமல் இருந்திருக்கலாம், மற்றக் குழந்தைகளின் டைரியைப் பறித்திருக்கலாம், தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கலாம். அவன் வேண்டியது டைரியை அல்ல என்பதால்தான் இவற்றில் எதையும் அவன் செய்யவில்லை. அந்த ஒரு செயலில் அவனுடைய ஏக்கமும் தன்மானமும் சேர்ந்தே வெளிப்படுகின்றன. கேள்வி கேட்டவருக்கு நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்தது. சிறுவன் டைரியை நீட்டும் அதே கணத்தில், கதை முழுவதும் அன்பானவராகவே நாம் அறிந்துவந்த அந்த "நான்" வேறு ஒளியில் தெரிகிறார். அவருடைய அன்பு பொய்யில்லை. ஆனாலும் அதன் வட்டத்துக்கு வெளியே ஒருவன் நின்றுகொண்டிருந்ததை அவர் காணவில்லை. அவர் தம்மைப் பழித்துக்கொண்டு பத்தி பத்தியாகப் புலம்பியிருந்தால் இந்த வலி நமக்குள் இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்காது.

உங்கள் கதைசொல்லி எதைக் காணத் தவறுகிறார் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பிறகு அதை அவர் கண்ணெதிரிலேயே, அவருடைய சொற்களிலேயே, வாசகர் பார்க்கும்படி வைத்துவிடுங்கள்.

கேள்வி: என் கதையில் இருபது ஆண்டுகள் நேர்மையாகப் பணிபுரிந்த கணக்கர் ஒருவர் கடைசியில் பணத்தைக் கையாடிவிடுகிறார். மகனின் மருத்துவச் செலவுதான் காரணம். இது நம்பும்படியாக இல்லை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். நாவலாக எழுதினால்தான் இந்த மாற்றத்தைக் காட்ட முடியுமா?

பதில்: மனிதர் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போவதைக் காட்ட நாவலுக்கு இடம் உண்டு என்பது உண்மை. சிறுகதையில் பெரும்பாலும் ஒருவர் மாறுவதில்லை. முன்பே இருந்து, யாருக்கும் தெரியாமலிருந்த ஒன்று வெளியே வருகிறது. உங்கள் கணக்கரிடம் அது முன்பே எங்கே இருந்தது என்பதைத்தான் வாசகர்கள் தேடியிருக்கிறார்கள்.

மருத்துவச் செலவு என்ற காரணம் வலுவானது. அதன் வலிமையே உங்களுக்குத் தடையாகவும் இருக்கிறது. அந்த நெருக்கடியில் யாரும் அப்படிச் செய்யக்கூடும் என்று தோன்றிவிடுவதால், செய்தவர் இவர்தான் என்பது மறைந்துபோகிறது. கதையின் முதல் பகுதியில் அவருடைய நேர்மையைக் காட்டியிருக்கும் காட்சியை மறுபடி பாருங்கள். கணக்கில் மிஞ்சிய சில்லறையை அவர் முதலாளியிடம் திருப்பிக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். திருப்பிக் கொடுத்த பிறகு, முதலாளி அதை எண்ணிப் பார்க்காமல் மேசை இழுப்பறையில் போட்டதை அவர் கவனித்தார் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன ஆகும்? அல்லது, முதலாளி அதை எண்ணிப் பார்த்ததைக் கவனித்தார் என்று எழுதினால்? முதல் வரியில் தம் நேர்மைக்கு இங்கே மதிப்பில்லை என்று அறிந்த மனிதர் இருக்கிறார். இரண்டாம் வரியில், இருபது ஆண்டு கழித்தும் தாம் நம்பப்படவில்லை என்று அறிந்தவர் இருக்கிறார். இருவரும் பின்னால் அதே பணத்தை எடுக்கலாம், ஆனால் ஒரே விதமாக எடுக்கமாட்டார்கள். ஒருவர் பேரேட்டில் அந்தத் தொகையை மறைக்காமலே விட்டுவிடக்கூடும். மற்றவர் இருபது ஆண்டு அனுபவத்தையும் பயன்படுத்தி, ஒரு குறையும் தெரியாதபடி கணக்கை முடிப்பார். முடித்த பிறகு, பழக்கத்தால், கூட்டலை இன்னொரு முறை சரிபார்ப்பார்.

இந்த இருவரில் உங்கள் கணக்கர் யார் என்பதை நான் சொல்ல முடியாது. அதைத் தீர்மானித்துக்கொண்டு முதல் காட்சியிலிருந்து மறுபடி எழுதுங்கள். மகனின் நோயைப் பற்றிய நீண்ட பத்தி அப்போது பாதியாகக் குறைந்துவிடும் என்று நினைக்கிறேன். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.